பெரிய ஆட்டக்காரருக்கு ஒரு சொம்பு கங்கை

எங்கள் வீட்டுக்காரர் எடுக்கும் படங்களில் பந்து மட்டும் இருக்காது. மற்றபடி எல்லாம் இருக்கும். கூடைப்பந்து என்றால் பத்துப் பேர் கையைத் தூக்கிக்கொண்டு மேலே பார்ப்பார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்பது படத்துக்கு வெளியே போயிருக்கும். கால்பந்து என்றால் கோல்காரர் குப்புற விழுந்து கிடப்பார். வாழைப்பழத் தோலில் வழுக்கியவர் மாதிரி இருப்பார். குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். அதற்குப் போனால் புழுதியோடு வருவார். அருமையான புழுதி, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. படத்தின் ஓரத்தில் ஒரு பின்சக்கரம் மட்டும் விடைபெற்றுக்கொண்டிருக்கும்.

அவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. எந்த வேகன் எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்க நம்பர் எழுதுவார். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பத்திரிகைக்குப் படம் எடுப்பார். அங்கே விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரு வங்காளி ஆசிரியர். வாயில் எப்போதும் வெற்றிலை. குரலை உயர்த்தவே மாட்டார். படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ரசித்து ரசித்துப் பார்த்துவிட்டு, அவர்கள் பாஷையில் ஐயா போட்டு, "மொஷாய், படம் பிரமாதம். பந்து எங்கே?" என்பார். இதை வீட்டுக்கு வந்து எங்களவர் அதே குரலில் சொல்லிக் காட்டுவார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடும். பிறகு சாப்பிட மாட்டார்.

எனக்கு எழுத்து வராது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். பிறந்த ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது. பெண்கள் போக வேண்டிய இடம் அது இல்லை என்று அப்பா முடிவு செய்திருந்தார். ஆனால் போட்டோ கழுவுகிற வேலையில் இது ஒரு குறையே இல்லை. விளக்கை அணைத்துவிட்டால் படித்தவரும் படிக்காதவரும் ஒன்றுதான். கும்மிருட்டில் பிலிம் சுருளைத் தடவித் தடவி ரீலில் சுற்ற வேண்டும். ஒரு சுற்று மேலே இன்னொரு சுற்று ஒட்டிக்கொண்டால் படம் போச்சு. அவர் சுற்றினால் பாதி நாள் ஒட்டிக்கொள்ளும். நான் கைமுறுக்கு சுற்றிப் பழகியவள். ஏழு சுற்று முறுக்கை இழை பிரியாமல் சுற்றுகிறவளுக்கு இது என்ன பிரமாதம்?

அதனால் விளையாட்டையெல்லாம் நான் ஈரக் காகிதத்தில்தான் பார்த்தேன். ஒரு மைதானத்திலும் கால் வைத்ததில்லை. முதல்முதல் கூடைப்பந்துப் படம் மருந்துத் தட்டில் மிதந்தபோது அவரைக் கேட்டேன்:

"ஏன்னா, இந்தக் கூடைக்கு அடியே இல்லையே! போட்டது கீழே விழாதோ?"

"விழணும்டி. அதான் ஆட்டம்."

"இதுக்கா பத்துப் பேர் குதிக்கறா? நம்மாத்து அரிசி மூட்டை ஓட்டையாகிக் கொட்டினப்போ நீங்க ஒருத்தர்கூட எழுந்து வரலையே."

கார் பந்தயமும் அப்படித்தான். ஓட்டுகிறவர் தலையில் பானை மாதிரி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார், மூஞ்சியே தெரியாது. ஜெயித்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டால், காரில் நம்பர் இருக்கிறது என்பார். ஆபீஸில் வேகன் நம்பர், ஞாயிற்றுக்கிழமை கார் நம்பர். பகவான் அவர் தலையில் எழுதியதும் எழுத்தில்லை, நம்பர்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

நாங்கள் அப்போது கல்கத்தாவில், காளிகாட்டுக் கோவிலுக்கு இரண்டு சந்து தள்ளி, ஒரு மாடியில் இருந்தோம். இரண்டு அறை, சமையலறை, ஜன்னல் இல்லாத ஒரு கரி அறை. கரி அறைதான் போட்டோ அறை. அந்த ஊர் வீடுகளில் தண்ணீர் இரண்டு விதம். ஒன்று சுத்தம் செய்த குடிதண்ணீர். வேளைக்கு வரும், வேளைக்குப் போகும். இன்னொன்று கங்கையிலிருந்து அப்படியே குழாயில் வருவது. காப்பிக் கலரில், தரை கழுவவும் கக்கூசுக்கும். அதைப் பிடித்து வைக்க முற்றத்தில் சௌபாச்சா என்று ஒரு சிமெண்டுத் தொட்டி.

எங்கள் மாமியார் இந்த ஏற்பாட்டைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

"கங்கையைக் கக்கூசுக்கு விடறான். எவனோ மருந்து போட்ட தண்ணியைக் கொண்டுபோய் சுவாமிக்கு வைங்கறான். இந்த ஊர் உருப்படுமோ?"

அவர் கணக்கில் காப்பிக் கலர் தண்ணீர்தான் சுத்தம். சுவாமிக்கு அது, தலைக்கு அது, தீட்டுக்கு அது. குழாய்த் தண்ணீர் வெறும் தாகத்துக்கு. அவர் பிள்ளைக்கோ நேர் எதிர். பிலிமுக்குக் குழாய்த் தண்ணீர் மட்டும்தான். கங்கை ஒரு சொட்டுப் பட்டாலும் கொலை. ஒரே வீட்டில் இரண்டு மடி. நடுவில் வாளியோடு நான்.

இதில் ஐஸ் வேறு. பிலிம் கழுவும் மருந்துத் தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டும். கல்கத்தா வெயிலில் எது ஜில்லென்று இருக்கும்? சந்து முனையில் மீன்காரர் ஒருவர் வைத்திருந்த ஐஸ் பாளம்தான். நான் பித்தளைத் தூக்கோடு போய் நிற்பேன்.

"மாஷிமா, மறுபடியும் ஐஸ் மட்டுமா? மீன் வேண்டாமா?"

"வேண்டாம்ப்பா. போட்டோவுக்கு."

"போட்டோவுக்குத்தான், போட்டோவுக்குத்தான்," என்று கண்ணைச் சிமிட்டுவார்.

மதராசி மாமி வீட்டில் ரகசியமாக மீன் சாப்பிடுகிறார்கள், அது கெடாமலிருக்க ஐஸ் போகிறது என்று சந்து முழுக்கப் பேச்சு. கீழ் வீட்டுக்கார அம்மாள் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதிலே வெட்கப்பட என்ன இருக்கிறது திதி, நல்ல உணவுதானே," என்று ஆறுதல் சொன்னாள். நான் போட்டோ என்றேன். அவளும் போட்டோதான் என்றாள்.

மாமியாருக்கும் எனக்கும் ஐஸ் விஷயத்தில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பின்படி வழியாகத்தான் வர வேண்டும். சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது. வேலை முடிந்ததும் நான் குளிக்க வேண்டும். ஆட்டம் உள்ள நாட்களில் மூன்று முறை குளிப்பேன். ஆடினவர்கள்கூட அத்தனை முறை குளித்திருக்க மாட்டார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் பத்திரிகையில் நிரந்தரமாக இருந்த போட்டோகிராபர் பம்பாய்க்குப் போனார். அவர் இடம் காலி. அதற்குக் காத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்களவர். இன்னொருவர் இளைஞர், முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்தார். எங்களவருக்கு வயது நாற்பத்திரண்டு. அந்தச் சமயம் பார்த்து, உலகத்திலேயே பெரிய கால்பந்து ஆட்டக்காரர், வெளிநாட்டுக் கிளப் ஒன்றோடு எங்கள் ஊருக்கு ஆட வருவதாகச் செய்தி. நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் என் வாயில் வேறு யாரோவாகத்தான் வரும். விளையாட்டு ஆசிரியர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, அந்த ஆட்டக்காரரை யார் எடுத்த படம் முதல் பக்கத்தில் வருகிறதோ அவருக்கே வேலை என்று சொல்லிவிட்டார்.

அன்று சாப்பிடும்போது எங்களவர் சொன்னார்: "இது போச்சுன்னா நான் வேகன் நம்பர் எழுதியே செத்துப்போவேன்டி."

"அபசகுனமா பேசாதேடா," என்றார் மாமியார். "அவர் காலண்டையே பந்து இருக்கும்கறாளே. காலைப் பார்த்து எடேன்."

இத்தனை வருஷத்தில் இந்த யோசனையை அவருக்கு யாருமே சொல்லவில்லை.

ஆட்டத்தன்று ஊரே காலி. முதல் நாளிலிருந்து மழை. மீன்காரர்கூடக் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் மிச்ச ஐஸையெல்லாம் வாங்கி வந்தேன். குழாய்த் தண்ணீர் நிற்பதற்குள் இரண்டு வாளி பிடித்து மூடி வைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்தார். முழங்கால் வரை சேறு. சட்டைக்குள் கேமரா. முகம் மட்டும் தீபாவளி மாதிரி.

"இருக்குடி! பந்து இருக்கு!"

"நிஜமாவா?"

"கால் இருக்கு, பந்து இருக்கு, அவர் இருக்கார், எல்லாம் ஒரே படத்துல. மழை நின்னுடுத்து. ஒரே சகதி, யாராலயும் ஓட முடியலை. அதான் எனக்கே சிக்கித்து!"

பத்திரிகை ஆபீஸ் போட்டோ அறையில் அன்று கூட்டம் நெரியும், தன் பிலிம் கடைசியில்தான் போகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் வீட்டிலேயே கழுவிப் படமாக்கி, எட்டு மணிக்குள் ட்ராமில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று திட்டம். இருட்டில் சுருளைச் சுற்றினேன். மருந்தில் போட்டு, ஐஸ் தண்ணீருக்குள் டப்பாவை வைத்துக் குலுக்கினோம். எல்லாம் முறையாக முடிந்தது. பிலிமை விளக்கில் பிடித்துப் பார்த்தார். பந்து இருந்தது.

"நான் போய்ச் சேத்தை அலம்பிண்டு வரேன். நீ நல்ல தண்ணியில பத்து தரம் மாத்திட்டு, கொடியில மாட்டிடு."

ஒன்பதாவது தரம் மாற்றிக்கொண்டிருக்கும்போது மாமியார் வாசலில் வந்து நின்றார்.

"வந்துட்டாரா?"

"யாரும்மா?"

"அந்த வெளிநாட்டுக்காரர்தான். அவரைப் பார்க்கத்தானே ஊரே தேர் பார்க்கற மாதிரி ஓடித்து?"

"இதோ, இதுக்குள்ளதான் இருக்கார்." சொட்டச் சொட்ட பிலிமைத் தூக்கிக் காட்டினேன்.

"இத்துனூண்டு இருக்காரே!"

"அப்புறம் உங்க பிள்ளை பெரிசு பண்ணுவார்மா."

கொஞ்ச நேரம் பார்த்தார். "இவரையும் மீன்காரன் ஐஸ்லதான் முக்கினயா?"

"ஆமாம்மா. வேற என்ன வழி?"

"நன்னா இருக்குடி. அத்தனை பெரிய மனுஷர் நம்மாத்துக்கு வந்திருக்கார். மீன் தண்ணியில முக்கி, அப்படியே கொடியில தொங்க விடறதா? ஒரு சொம்பு கங்கை விட்டா என்ன குறைஞ்சுடும்? உன் ஆம்படையானுக்கு வேலை கிடைக்க வேண்டாமோ?"

"அவர் என்னைக் கொன்னுடுவார்மா."

"கொல்லட்டும், நான் பார்த்துக்கறேன். அவனைப் பெத்தவ நான்."

பூஜைச் சொம்பை நீட்டினார். நான் ஊற்றினேன். மாமியாருக்குப் பயந்து ஊற்றினேன் என்று சொன்னால் அது பாதி நிஜம். மீதிப் பாதி என்னவென்றால், எனக்கே தோன்றிற்று: இத்தனை வருஷம் அவர் சொன்ன தண்ணீரில்தானே கழுவினோம், என்ன கண்டோம்? தலையிலிருந்து கால்வரை, முப்பத்தாறு படத்துக்கும் சேர்த்து, நன்றாகவே அபிஷேகம் செய்தேன். கொடியில் மாட்டி, மேஜை மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். மழைக்காலத்துக் கங்கை எப்படியிருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருக்கலாம். புது வெள்ளம், பாதி மண்.

காய்ந்ததும் அவர் பெரிய படம் போட உட்கார்ந்தார். சிவப்பு விளக்கில் தட்டிலே காகிதம் மிதந்தது. முதலில் பந்து வந்தது. பிறகு கால். பிறகு ஆட்டக்காரர். பிறகு, அவரைச் சுற்றி, பந்தைச் சுற்றி, படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன.

"என்னடி இது?"

பிலிமை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. ஈரப் பிலிமில் மண் ஒட்டி, அப்படியே காய்ந்து இறுகிவிட்டது. அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"குழாய்த் தண்ணிதானே விட்டே?"

"பத்து தரம் மாத்தினேன்னா," என்றேன். அது பொய்யில்லை.

"அந்தக் குழாய்த் தண்ணிக்காரன் என்னை ஒழிச்சுட்டான்!"

பூஜை அறையில் மாமியார் மணியை வேகமாக அடித்தார்.

அந்தச் சுருளிலேயே இருந்த வேறொரு படத்தையும் காகிதத்தில் போட்டார். அதில் பின்னால் வெளுத்த வானம். புள்ளி அவ்வளவாகத் தெரியவில்லை. ஆட்டக்காரரின் முதுகு தெரிந்தது. பந்து இல்லை. அதை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். நான் வழியை மறித்து நின்றேன்.

"பந்து இருக்கற படத்தை எடுத்துண்டு போங்கோ."

"புள்ளியோடயா? சிரிப்பாடி."

"சிரிக்கட்டும். அம்மை போட்டவாளுக்கெல்லாம் கல்யாணம் ஆறதோன்னோ?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு படத்தையும் ஒற்றுக் காகிதத்துக்கு நடுவே வைத்து, குடைகூட எடுக்காமல் ட்ராமுக்கு ஓடினார்.

மறுநாள் காலையில் பேப்பர் வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன? முதல் பக்கம் எது என்று தெரியும். பாதிப் பக்கத்துக்குப் பெரிய மனிதர், கால், பந்து, அத்தனை புள்ளிகளும். கீழே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். எங்களவர் தன் காதுக்கே எட்டாத குரலில் படித்தார்: அவர் கால் பட்டதும் தண்ணீர் முத்து முத்தாகத் தெறித்தது என்று விளையாட்டு ஆசிரியரே எழுதியிருந்தாராம்.

எட்டு மணிக்குள் சந்தே எங்கள் படியில் நின்றது. கீழ் வீட்டுக்காரர் மைதானத்துக்குப் போயிருந்தவர். "ஒவ்வொரு துளியையும் எண்ணலாம் போலிருக்கிறதே! நான் கேலரியில் இருந்தேன், என் கண்ணாடியில்கூட ஒன்று வந்து விழுந்தது," என்றார். மத்தியானத்துக்குள் அந்தத் துளியில் நனைந்தவர்கள் மூன்று பேர் ஆனார்கள். மீன்காரர் முழங்கை வரை நனைந்திருந்தார்.

எங்களவருக்குப் பொறுக்கவில்லை. "அப்போ மழையே இல்லை. வெறும் சகதி. ஒண்ணும் தெறிக்கலை," என்றார்.

"மொஷாய்," என்றார் கீழ் வீட்டுக்காரர் இரக்கத்தோடு, "நீங்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் ஆட்டத்தைப் பார்த்தோம்."

வேலைக் கடிதம் தட்டெழுத்தாகிக்கொண்டிருக்கிறது, மாதக் கடைசியில் கைக்கு வரும் என்று பத்திரிகை ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். இவரோ நாளுக்கு நாள் இளைத்தார். கார் பந்தயத்துக்கும் அதே மாதிரி துளித்துளியாக வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். பனிக்காலத்து ஓடுதளத்தில் துளிக்கு எங்கே போவது? எந்த மருந்தில் என்ன கோளாறு, எப்படிப் புள்ளி விழுந்தது என்று கண்டுபிடிக்கப் பழைய பிலிம் துண்டுகளை உப்புத் தண்ணீரில் போட்டார், சோடாவில் போட்டார். ரசத்தை வெறித்துப் பார்த்தார். அதிலும் போட்டுவிடுவாரோ என்று பயந்துதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிமாறும்போது சொன்னேன்.

"நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கப்படாது."

சொன்னேன். மாமியார் பெயரைப் பாதிவரை மறைத்துப் பார்த்தேன், அவரே உள்ளேயிருந்து, "நான்தான் விடச் சொன்னேன்!" என்று குரல் கொடுத்தார்.

அவர் கத்தவில்லை. மோர் சாதம் சாப்பிட்டு முடித்தார். கை அலம்பினார். சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"எங்கே கிளம்பிட்டேள்?"

"ஆபீஸுக்கு. சொல்லிட்டு வரேன்."

"என்னத்தைச் சொல்லப் போறான்?" என்று மாமியார் ஓடி வந்தார். "வர்ற வேலையை வேண்டாம்னா? டேய், சாஸ்திரத்துக்குச் செஞ்சதைப் போய் யாராவது ஆபீஸ்ல சொல்லுவாளோ?"

அவர் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலண்டை உட்கார்ந்திருந்தோம். மாமியாரும் நானும் சண்டையில்லாமல் அத்தனை நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். "வேகன் நம்பர் ஒண்ணும் அவ்வளவு மோசமில்லை," என்றார் அவர் ஒரு தடவை. "ஆமாம்மா," என்றேன். இரண்டு பேருமே நம்பவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தார். கையில் பழுப்பு உறை. முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்னடா சொன்னான்?" என்றார் மாமியார்.

"எல்லாத்தையும் கேட்டுண்டார். மீன்காரன், ஐஸ், சொம்பு, எல்லாம். வெத்தலையைத் துப்பிட்டு, அன்னிக்குப் பேப்பரை எடுத்துண்டு வரச் சொன்னார். தான் எழுதினதைப் படிச்சார். 'மழைன்னு எங்கேயாவது எழுதியிருக்கேனா?'ன்னு கேட்டார். இல்லைன்னேன். 'தண்ணீர்னு எழுதியிருக்கேன். நீங்க விட்டது என்ன?' கங்கைத் தண்ணின்னேன். 'ஜொல் தோ! தாஹொலே? தண்ணிதானே, அப்புறம் என்ன? நான் பொய் எழுதறதில்லை மொஷாய்'னு சொல்லிட்டு இதைக் கையில கொடுத்துட்டார்."

மாமியார் உறையை வாங்கி, பிரிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டார். "படிச்ச மனுஷன்," என்றார்.

வேலையோடு ஆபீஸ் போட்டோ அறையும் வந்தது. அங்கே தண்ணீரைக் குளிரவைக்க மிஷின், கழுவ ஒரு ஆள். எங்கள் கரி அறையைப் பெருக்கி ஊறுகாய் ஜாடிகளை அடுக்கினேன். அவர் வேலை நிரந்தரமானது. என் வேலை அன்றோடு போயிற்று. எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் படித்திருக்க மாட்டேன்.

பனிக்காலத்தில் கார் பந்தயம் நடந்தது. மறுநாள் ஊரில் எல்லோரையும் போல நானும் அவர் படத்தைப் பேப்பரில்தான் பார்த்தேன். முழுக் கார். நான்கு சக்கரமும் இருந்தன. ஓட்டுகிறவர் பல்லைக் கடித்திருப்பதுகூடத் தெரிந்தது. ஒரு தூசி கிடையாது. துளியைப் பற்றி ஆசிரியர் பிறகு கேட்கவே இல்லையாம். எங்களவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிடி?"

"நன்னா இருக்கு."

"வெறும் நன்னாவா?"

"யார் அலம்பினா?"

"ஆபீஸ் ஆள்தான்."

"அதானே பார்த்தேன்," என்று பேப்பரை மடித்து வைத்தேன்.